பழைய மாருதி 800-இல் திரும்பத் திரும்ப வரும் மிஸ்ஸிங்: அடுத்த பிளக் வாங்குவதற்கு முன்

ஸ்பார்க் பிளக் மாற்றியதும் மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் தவறுவது, நின்றுவிடும். மூன்று வாரம் வண்டி பிசிறில்லாமல் ஓடும். நான்காவது வாரம் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் மறுபடி நடுங்கும். மறுபடி பிளக், அதற்கடுத்து கார்ப்ரேட்டர் சர்வீஸ், அதற்கடுத்து பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில். பணம் போய்க்கொண்டே இருக்கும், வியாதி மட்டும் போகாது.

இதற்குக் காரணம் உண்டு. புதுப் பிளக்கின் முனைகள் கூராக இருக்கும், இடைவெளியும் சரியாக இருக்கும். அதைத் தாண்ட கரண்டுக்குக் குறைந்த வோல்டேஜே போதும். முனை மழுங்கி இடைவெளி கொஞ்சம் அகன்றதும் தேவைப்படும் வோல்டேஜ் ஏறுகிறது. கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பில் மயிரிழை விரிசலோ, ஒயர் உறையில் வெடிப்போ இருந்தால், ஏறிய வோல்டேஜுக்கு அந்த வழி சுலபமாகிவிடும். பிளக்கைத் தாண்டாமல் விரிசல் வழியே எர்த்துக்கு இறங்கிவிடும். புதுப் பிளக் அந்தக் கோளாறைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் பிளக் மாற்றிச் சரியான மிஸ்ஸிங்கை, தீர்ந்துவிட்டதாக எண்ணி விட்டுவிடக் கூடாது.

இங்கே சொல்வது கார்ப்ரேட்டர் வைத்த மாருதி 800-க்கு. 796 சிசி, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு. ஆம்னியில் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதும் இதே எஞ்சின்தான். அந்தக் காலத்து மற்ற கார்ப்ரேட்டர் கார்களுக்கும் முறை ஒன்றே, அளவுகள் மட்டும் மாறும். மூன்று சிலிண்டர் என்பது இந்த வேலையில் ஒரு வசதி. ஒன்று கெட்டிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க நல்லது இரண்டு பக்கத்திலேயே இருக்கிறது. புதுப் பொருள் எதுவும் வாங்காமலேயே, இருப்பதை இடம் மாற்றிப் போட்டு முக்கால்வாசி கோளாறைப் பிடித்துவிடலாம்.

முதலில், இது மிஸ்ஸிங்தானா?

ஐடிலிங்கில் வண்டி ஆடுகிறது என்பதற்காக மிஸ்ஸிங் என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே கொஞ்சம் ஆடும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் தேய்ந்திருந்தால் இன்னும் ஆடும். சைலன்சர் சத்தத்தைக் கேளுங்கள். மவுண்டிங் கோளாறு என்றால் வண்டி நடுங்கும், ஆனால் புகைக்குழாய்ச் சத்தம் ஒரே தாளத்தில் இருக்கும். மிஸ்ஸிங் என்றால் தாளத்தில் ஓட்டை விழும்.

ஒரு காகிதத் துண்டை சைலன்சர் வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தொங்கவிட்டுப் பிடியுங்கள். நல்ல எஞ்சினில் காகிதம் வெளிப்பக்கம் தள்ளப்பட்டுப் படபடவென்று ஒரே சீராக ஆடும். மிஸ்ஸிங் இருந்தால் நடுநடுவே தளர்ந்து விழும். தளர்வது மட்டுமில்லாமல் குழாய் வாய்க்குள் இழுபட்டு ஒட்டிக்கொண்டால், எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லையோ என்ற சந்தேகத்தை மனதில் குறித்துக்கொண்டு மேலே போங்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

900 ஆர்பிஎம் ஐடிலிங்கில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஏழெட்டு முறை எரிகிறது. அதில் ஒன்றிரண்டு தவறினாலே கைக்குத் தெரியும்.

எப்போது வருகிறது?

ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டை டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். மிஸ்ஸிங் வரும்போதெல்லாம் நான்கு விஷயம் எழுதினால் போதும்: எஞ்சின் சூடா ஆறியதா, நின்றபோதா ஓடும்போதா, ஏற்றமா சமமா, மழையா வெயிலா.

காலையில் ஈரத்தோடு வந்து, எஞ்சின் சூடானதும் மறைந்தால் கேப்பையும் ஒயரையும் பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு நிமிடம் நொண்டி, வெள்ளைப் புகை விட்டுச் சரியானால், ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். ஹெட் கேஸ்கட் வழியாக ராத்திரியில் ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்திருக்கலாம். இருபது முப்பது நிமிடம் ஓடிய பின்தான் வருகிறது, அரை மணி நிறுத்தினால் சரியாகிவிடுகிறது என்றால் காயில், எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல், அல்லது பெட்ரோல் சூட்டில் ஆவியாவது. ஐடிலிங்கில் மட்டும் வந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் மறைந்தால் ஏர் எடுப்பது (எங்கோ ஓட்டை வழியே கூடுதல் காற்று நுழைவது), கார்ப்ரேட்டரின் ஐடில் ஜெட் துளை அடைப்பு, அல்லது இறுகிய டேப்பெட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி குறைவது). ஏற்றத்தில் நான்காவது கியரில் மிதிக்கும்போது மட்டும் வெட்டினால் இக்னிஷன் பலவீனம் அல்லது பெட்ரோல் போதாமை. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட பிளக்கைத் தாண்டத் தேவைப்படும் வோல்டேஜும் கூடும். அதனால்தான் ஐடிலிங்கில் ஒளிந்திருக்கும் இக்னிஷன் கோளாறு ஏற்றத்தில் வெளியே வருகிறது.

எல்பிஜி கிட் போட்ட வண்டி என்றால் பாதி வேலை மிச்சம். சுவிட்சை மாற்றிப் பாருங்கள். காஸிலும் பெட்ரோலிலும் மிஸ்ஸிங் வந்தால் இக்னிஷன் அல்லது கம்ப்ரஷன். பெட்ரோலில் மட்டும் வந்தால் கார்ப்ரேட்டர், பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். காஸில் மட்டும் வந்தால் கிட்டைக் குறை சொல்வதற்கு முன் இக்னிஷனை ஒருமுறை பார்த்துவிடுங்கள். காஸைப் பற்ற வைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். தளர்ந்த காயிலும் பழைய ஒயரும் முதலில் காஸில்தான் காட்டிக்கொடுக்கும்.

கையில் வேண்டியவை

21 மி.மீ. பிளக் ஸ்பேனர், இடைவெளி அளக்கும் தகடுகளான ஃபில்லர் கேஜ், ஒரு மல்டிமீட்டர், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய பிளக், அதை எர்த்தில் பிடித்துவைக்க ஒரு கிளிப் ஒயர். கம்ப்ரஷன் கேஜ் கடைசியில்தான் வேண்டும், அதை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரை வெறும் கையால் பிடுங்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வேண்டாம். அதில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட். ஷாக் அடித்துக் கையைச் சட்டென்று இழுக்கும்போது ஃபேன் பிளேடில் போய் விழுந்தால் விரல் போகும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் ஒயரைக் கழற்றி அந்தரத்தில் விடவும் கூடாது. வெளியேற வழியில்லாத கரண்ட் காயிலையும் மாட்யூலையும் உள்ளேயே துளைத்துவிடும்.

எந்தச் சிலிண்டர்?

இதைக் கண்டுபிடிக்காமல் எதையும் கழற்றக் கூடாது. டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது 1-ஆம் சிலிண்டர், அடுத்து 2, 3. எரியும் வரிசை 1-3-2.

எஞ்சினை நிறுத்துங்கள். 1-ஆம் ஒயரைப் பிளக்கிலிருந்து கழற்றி, கையிலுள்ள பழைய பிளக்கில் செருகி, அந்தப் பிளக்கின் இரும்பு உடம்பைக் கிளிப் ஒயரால் எஞ்சின் போல்ட்டோடு இணையுங்கள். பெட்ரோல் பைப்பும் கார்ப்ரேட்டரும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பாருங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கைக் கவனியுங்கள். எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தால் அந்தச் சிலிண்டர் இதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். கழற்றியும் ஐடிலிங்கில் எந்த மாற்றமும் இல்லையென்றால் சோம்பேறி அதுதான். மூன்றையும் இப்படியே பாருங்கள்.

ஒவ்வொரு சோதனையும் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் வேண்டாம். 1995 ஏப்ரல் முதல் சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களில் விற்ற புதுப் பெட்ரோல் கார்களில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அது இன்னும் வண்டியில் இருந்தால், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து உருக்கிவிடும். பிறகு புகை வெளியேறும் வழியே அடைபட்டு, அது தனி வியாதியாகும்.

காலை முதல் ஸ்டார்ட்டில் இன்னொரு வழி உண்டு. ஸ்டார்ட் ஆன ஒரு நிமிடத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மூன்று கிளைகளிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எரியும் சிலிண்டரின் கிளையில் சொட்டு சீறிப் போகும். எரியாததில் அப்படியே வழியும்.

இப்போது ஒரு கணக்கு மனதில் பதிய வேண்டும். கார்ப்ரேட்டர் ஒன்று, சிலிண்டர் மூன்று. எப்போதும் ஒரே சிலிண்டர்தான் தவறுகிறது என்றால் கார்ப்ரேட்டர் அநேகமாக நிரபராதி. அது கெட்டால் மூன்றும் சேர்ந்து தடுமாறும். ஒரே சிலிண்டர் என்றால் அதன் பிளக், அதன் ஒயர், கேப்பில் அதன் முனை, அதன் வால்வுகள், அந்த இடத்து மேனிஃபோல்ட் கேஸ்கட், இவ்வளவுதான் பட்டியல். மிஸ்ஸிங் என்றதும் கார்ப்ரேட்டரைப் பிரிப்பவரிடம் இதைச் சொல்லித் தடுக்கலாம். பிரித்துச் சேர்த்த கார்ப்ரேட்டர் முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது அவ்வளவு சுலபமில்லை.

பிளக்கைப் படிப்பது, பிறகு இடம் மாற்றுவது

எஞ்சின் ஆறிய பின் மூன்று பிளக்கையும் கழற்றி, வந்த வரிசையிலேயே காகிதத்தில் 1, 2, 3 என்று எழுதி வையுங்கள். ஹெட் அலுமினியம். சூட்டில் கழற்றினால் மரை உரிந்து வரும். கழற்றுமுன் குழியில் உள்ள மண்ணை ஊதிவிடுங்கள், இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும்.

வெளிர் காபி நிறம் என்றால் சிலிண்டர் ஆரோக்கியம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது கரண்ட் பலவீனம். பெட்ரோல் நனைந்திருந்தால் கரண்டே வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல். சுண்ணாம்பு வெள்ளை என்றால் காற்று அதிகம், அந்தப் பக்கம் எங்கோ ஏர் எடுக்கிறது. மற்ற இரண்டும் காபி நிறமாயிருக்க ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்றிருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

முனையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிட வேண்டாம். மேலே உள்ள வெள்ளைப் பீங்கானைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்புங்கள். பென்சிலால் கோடு போட்டதுபோல், மேல் முனையிலிருந்து இரும்பு வரை மெல்லிய கறுப்புக் கீற்று ஓடினால் அதுதான் கரண்ட் தப்பி ஓடிய தடம். அந்தப் பிளக்கை மாட்டியிருந்த ஒயரின் ரப்பர் தொப்பிக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள், அதே இடத்தில் அதே கீற்று இருக்கும். பிளக் புதிது, தொப்பி பழையது என்று மாட்டினால் தொப்பியில் உள்ள கீற்று புதுப் பிளக்கிலும் ஒரு கீற்றை உண்டாக்கிவிடும். மூன்று வாரத்தில் திரும்பி வரும் மிஸ்ஸிங்குக்கு இது மிகச் சாதாரணக் காரணம். தடம் இருந்தால் பிளக், ஒயர் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரும்பை ஒட்டி வளையமாகப் படியும் பழுப்புக் கறை மட்டும் வேறு. அது பார்க்க அசிங்கமாயிருக்கும், கோளாறு இல்லை.

இனி இடமாற்றம். மிஸ்ஸடிப்பது 2 என்று வையுங்கள். 2-இன் பிளக்கை 1-இலும், 1-இன் பிளக்கை 2-இலும் போட்டு ஓட்டுங்கள். மிஸ்ஸிங் 1-க்குப் போய்விட்டால் குற்றவாளி பிளக். 2-லேயே இருந்தால் பிளக்கை விட்டுவிட்டு ஒயர்களை மாற்றுங்கள். கேப்பில் அவரவர் முனையிலிருந்தே வரும்படி முழு ஒயரையும் கழற்றி மாற்ற வேண்டும். வெறும் பிளக் பக்கத்தை மட்டும் மாற்றினால் எரியும் வரிசை குழம்பி கார்ப்ரேட்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ டப்பென்று வெடிச்சத்தம் வரும். நீளம் எட்டாவிட்டால் நல்ல ஒயர் ஒன்றை இரவல் வாங்கிப் போடுங்கள். மிஸ்ஸிங் ஒயரோடு நகர்ந்தால் ஒயர். பிளக்கும் ஒயரும் மாறியும் 2-லேயே ஒட்டிக்கொண்டிருந்தால், கேப் அல்லது எஞ்சினின் உள்வேலை.

ஒரு தடவைக்கு ஒரு பொருள் மட்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் சரியாகலாம், எதனால் சரியானது என்று தெரியாமலே போகும், அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. புதிதாக வாங்கியதையும் அளந்தே போடுங்கள். கடைப்பெட்டியில் உருண்டு நெளிந்து வருவது உண்டு.

கேப், ரோட்டார், ஒயர்

இரவில், வெளிச்சம் இல்லாத இடத்தில், பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிடுங்கள். தண்ணீர் பாட்டிலால் ஒயர்கள் மேலும் கேப் மேலும் மெல்லிய பனிபோலத் தெளியுங்கள், ஊற்ற வேண்டாம். கசியும் இடத்தில் நீலப் பொறி எறும்பு ஊர்வதுபோல ஓடும், டிக் டிக்கென்று சத்தமும் கேட்கும். அந்த நொடியே மிஸ்ஸிங் கூடினால் இடம் உறுதி.

கேப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். நடுவில் ஸ்பிரிங்கோடு சின்னக் கரிக்கட்டை, அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அது உடைந்து மாயமாகியிருப்பதும் உண்டு. சுற்றிலும் மூன்று முனைகள். மேலே வெண்பொடி லேசாகப் படிந்திருப்பது வழக்கம். ஒன்றில் மட்டும் ஆழமாக அரித்துப் பச்சை பூத்திருந்தால் அந்த ஒயர் அங்கே முழுதாக இறங்கி உட்காரவில்லை. முனைக்கு முனை கறுப்புக் கீற்று ஓடினால் கேப்பை எறியுங்கள். உப்புத்தாளால் சுரண்டி மறுபடி போட்டால் கீற்று அதே வழியில் திரும்ப வரும். கேப் வாங்கும்போது, அதற்குள் சுழன்று முனைகளுக்குக் கரண்ட் கொடுக்கும் ரோட்டாரையும் சேர்த்து வாங்குங்கள்.

ஒயரை மல்டிமீட்டரில் அளக்கும்போது எண்ணைவிட ஒப்பீடு முக்கியம். நீளமான ஒயர் கூடக் காட்டும், குட்டை குறையக் காட்டும். மீட்டர் நீளத்துக்குப் பத்து முதல் இருபது கிலோ ஓம் என்பது பொதுவான அளவு. ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினாலோ, வளைக்கும்போது எண் துள்ளினாலோ உள்ளே கரி இழை அறுந்திருக்கிறது. மாட்டும்போது ஒயர்களைக் கிளிப்பில் பிரித்து வையுங்கள். 3-உம் 2-உம் அடுத்தடுத்து எரிபவை. அவற்றின் ஒயர்கள் ஒட்டிக்கொண்டு நெடுக ஓடினால் ஒன்றின் கரண்ட் மற்றதில் தாவலாம்.

பாயிண்ட் வண்டி, எலக்ட்ரானிக் வண்டி

ஆரம்ப கால வண்டிகளில் பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் முனைகள்), பிறகு வந்தவற்றில் எலக்ட்ரானிக். பாயிண்ட் என்றால் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. பலரும் ஒரு இடத்தில் அளந்துவிட்டு மூடிவிடுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் மூன்று மேடுகள் உண்டு. மூன்றிலும் அளந்து பாருங்கள். ஒன்றில் 0.45, இன்னொன்றில் 0.30 என்று வந்தால் தண்டின் புஷ் தேய்ந்து ஆடுகிறது. எவ்வளவு நுணுக்கமாகப் பாயிண்ட் வைத்தாலும் ஒரு சிலிண்டர் தவறத்தான் செய்யும். ரோட்டாரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தாலே ஆட்டம் தெரியும். அப்போது டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பாயிண்ட் முகம் புதிதாகப் போட்டும் சீக்கிரமே கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக ஆனால், பாயிண்ட்டில் பொறியை அடக்கும் கண்டன்சர் போய்விட்டது. பாயிண்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

எலக்ட்ரானிக் வண்டியில் சுழலும் பல்லுக்கும், அது கடப்பதை உணர்ந்து சிக்னல் தரும் பிக்கப்புக்கும் இடையில் 0.2 முதல் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். காந்தம் இழுக்காத பித்தளைக் கேஜால் அளக்க வேண்டும். இங்கே ஒரு கள்ளக் கோளாறு உண்டு. எஞ்சின் உறிஞ்சலால் ஸ்பார்க் நேரத்தை முன்னே தள்ளும் வேக்கம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் பிக்கப் தட்டு திரும்பும், அதோடு அதன் மெல்லிய ஒயர்களும் மடங்கி நிமிரும். வருடக்கணக்கில் மடங்கி, உறைக்குள்ளேயே செம்பு இழை அறுந்துவிடும். வெளியே பார்த்தால் ஒயர் முழுசாக இருக்கும். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் வெட்டும், விட்டதும் சரியாகும். மல்டிமீட்டரைப் பிக்கப் ஒயரில் வைத்துக்கொண்டு, வேக்கம் குழாயை வாயால் உறிஞ்சுங்கள். எண் துள்ளினாலோ மறைந்தாலோ கோளாறு பிடிபட்டது. உறிஞ்சியதும் குழாய் வாயை நாக்கால் அடைத்தால் இழுவை அப்படியே தங்க வேண்டும். தங்காமல் காற்று வந்துகொண்டே இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதுவும் ஒரு ஏர் கசிவுதான்.

சூட்டில் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்குக் காயிலை இரண்டு முறை அளக்க வேண்டும், ஆறியபோது ஒருமுறை, மிஸ்ஸடிக்கும்போது நிறுத்தி உடனே ஒருமுறை. ஆறியபோது எந்தக் காயிலும் நல்ல பிள்ளைதான். காயிலைக் குற்றம் சொல்லுமுன் அதன் பிளஸ் முனையில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்றும் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட, பாயிண்ட் திறந்த நிலையிலும் அங்கே ஒன்றிரண்டு வோல்ட் குறைந்தால் சாவி சுவிட்சின் உட்தகடு தேய்ந்திருக்கும், அல்லது ஃபியூஸ் முனை கறுத்திருக்கும். ஹெட்லைட் போட்டதும் மிஸ்ஸிங் கூடினால் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

மூன்றும் சேர்ந்து தடுமாறினால்

சிலிண்டர் மாறி மாறித் தவறுகிறது, எல்லாப் பிளக்கும் வெள்ளையாக இருக்கிறது என்றால் பெட்ரோலும் காற்றும்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. மிஸ்ஸடிக்கும்போது ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பம்ப் இழுக்க முடியாமல் திணறுகிறது.

அடுத்து பம்ப். காயில் இணைப்பைக் கழற்றிவிட்டு, கார்ப்ரேட்டருக்கு வரும் பைப்பை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, பத்து நொடி ஸ்டார்ட்டர் அடியுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஒவ்வொரு துடிப்புக்கும் கனமாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ நுரை வந்தாலோ ஃபில்டர், டேங்க் பக்கத்து ரப்பர் பைப், பம்ப் டயஃப்ரம் என்று வரிசையாகப் பாருங்கள். அந்தப் பாட்டிலை ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தேங்கினால் டேங்கில் தண்ணீர்.

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பைப்பையும் பம்ப் டயஃப்ரத்தையும் உப்பவைத்து மெதுவாக்கும், டேங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவையும் கொஞ்சம் மெலியும். பைப்புகளை எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் டேங்கைப் பாதியாக வைக்க வேண்டாம்.

ஐடிலிங்கில் மட்டும் கோளாறு என்றால் சாவியை ஆன் செய்து கார்ப்ரேட்டரில் ஐடிலிங் பெட்ரோல் வழியைத் திறக்கும் சோலனாய்டு டிக்கென்கிறதா என்று கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் ஒயர் அல்லது சோலனாய்டு. சத்தம் வந்தும் ஐடிலிங் நிலைக்காவிட்டால் ஐடில் ஜெட்டைக் கழற்றிக் கிளீனர் ஸ்பிரே அடித்து, காற்றில் ஊதுங்கள். கம்பியோ ஊசியோ நுழைக்க வேண்டாம். துளை ஒரு இழை அகன்றாலும் அந்த ஜெட் கணக்கு மாறிவிடும்.

ஏர் எடுப்பதைப் பிடிக்க, ஐடிலிங்கில் கார்ப்ரேட்டர் அடிக்கட்டையைச் சுற்றியும், மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் மூன்று இடங்களிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள். உறிஞ்சும் இடத்தில் நுரை உள்ளே இழுபடும், ஐடிலிங் ஒரு நொடி மாறும். வேக்கம் குழாய்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடித்தும் பாருங்கள். மடக்கியதும் எஞ்சின் சீரானால் அந்தக் குழாய் போகும் இடத்தில்தான் ஓட்டை.

கம்ப்ரஷனும் டேப்பெட்டும்

பிளக், ஒயர், கேப் மூன்றும் சுத்தம், மிஸ்ஸிங் மட்டும் ஒரே சிலிண்டரில் நகராமல் நிற்கிறது என்றால் எஞ்சினுக்குள் போக வேண்டியதுதான். முதலில் டேப்பெட். சத்தம் போடும் டேப்பெட் அவ்வளவு ஆபத்தில்லை. சத்தமே போடாததுதான் ஆபத்து. இடைவெளி இறுகி, வால்வு முழுதாக மூடாமல், ஒவ்வொரு எரிப்பிலும் கொதிக்கும் வாயு அதன் விளிம்பை அரித்துக்கொண்டிருக்கும். எல்பிஜியில் அதிகம் ஓடிய வண்டியில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் இறங்கி இது சீக்கிரமே வரும். எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்லெட்டுக்கு 0.15 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 0.20 மி.மீ. ஒட்டிய அளவு. வண்டியோடு வந்த கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே வையுங்கள். பிளக்குகளைக் கழற்றி, நான்காவது கியரில் போட்டு வண்டியை மெல்ல முன்னே தள்ளினால் எஞ்சின் சுலபமாகச் சுற்றும். அந்தச் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் தளர்வாக இருக்கும் நிலையில் அளக்க வேண்டும்.

கம்ப்ரஷன் பார்க்க எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். பிளக்கை மட்டும் கை பொறுக்கும் அளவு ஆறியதும் பக்குவமாகக் கழற்றுங்கள். மூன்று பிளக்கும் வெளியே, காயில் இணைப்பு கழற்றியிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுதாக மிதித்திருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் அளந்து, எல்லாமே குறைவு என்று பயப்படுவது அடிக்கடி நடக்கும் தவறு. கேஜ் முள் ஏறி நிற்கும்வரை ஐந்தாறு சுற்று அடியுங்கள். நல்ல எஞ்சினில் 170 பிஎஸ்ஐ ஒட்டி வரும். மூன்றுக்கும் இடையில் 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் வந்தால் குறைந்ததைக் கவனியுங்கள். அதற்குள் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கும். மூன்றும் ஒரே அளவாகக் குறைந்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டிய பின்

பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருக வேண்டும். ஸ்பேனர் கடைசிக் கால் முதல் அரைத் திருப்பத்துக்கு மட்டும்தான். டார்க் ஸ்பேனர் இருந்தால் 25 நியூட்டன் மீட்டர் ஒட்டி. ரப்பர் தொப்பிக்குள் சிலிக்கான் கிரீஸ் துளி தடவினால் அடுத்த முறை கிழியாமல் வரும், ஈரமும் ஏறாது.

சரியானதா என்பதை வீட்டு வாசலில் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நோட்டில் எழுதிய அதே நிலைமையில் ஓட்டுங்கள். அரை மணி சூட்டுக்குப் பிறகு வந்தது என்றால் முக்கால் மணி ஓட்டுங்கள். ஏற்றத்தில் வந்தது என்றால் ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, பாலத்தில் நான்காவது கியரில் ஏறுங்கள். ஈரத்தில் வந்தது என்றால் மறுபடி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் மூன்று பிளக்கையும் கழற்றி அதே காகிதத்தில் வரிசையாக வையுங்கள். மூன்றும் ஒரே காபி நிறத்தில் இருந்தால் மறுபடி மாட்டிவிட்டு பானெட்டை மூடலாம். ஒன்று மட்டும் கறுத்திருந்தால், மிஸ்ஸிங் இன்னும் கைக்குத் தெரியாவிட்டாலும், அந்தச் சிலிண்டரின் ஒயரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.